ஆடில்லாத ஆட்டுப்பண்ணையார்

என் கைபேசிக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. நல்ல அபிப்பிராயம் இல்லை. காலையில் எழுந்து அதைத் தடவினால் மூட்டுவலித் தைலம், சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி, வழுக்கையில் முடி முளைக்க வெங்காயச் சாறு, ஓய்வுக்குப் பிறகு கை நிறைய சம்பாதிக்க ஆட்டுப்பண்ணை என்று வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. என்னை இவ்வளவு சுருக்கமாக என் மாமனார்கூட எடைபோட்டதில்லை. போட்டிருப்பார், வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரே கூடம், ஒரே வைஃபை. மனைவியின் கைபேசியில் தங்கம் விலையும் சிதம்பர தரிசனமும் வருகின்றன. மகளின் கைபேசியில் அழகான கொரியாக்காரர்கள் மழையில் நின்று அழுகிறார்கள். மாதக் கட்டணம் கட்டுகிற எனக்கு மட்டும் கிடாக்குட்டி.

ஆட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. தியாகதுருகம் பக்கம் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அங்கே கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்து, எதிரே ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் கனவு. அந்த ஆசையில் ஒரு ராத்திரி, தலைச்சேரி நல்லதா, போயர் நல்லதா என்று தேடினேன். ஆடு வாங்கும் தைரியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கே கைபேசி என்னைப் பண்ணையாராக நியமித்துவிட்டது. பரண் கொட்டகை, குடற்புழு நீக்கம், தீவனம் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்து வருகிறது. வேலிமசாலை எப்போது அறுக்க வேண்டும் என்று இப்போது எனக்கு அத்துப்படி. யாருக்காக அறுப்பது என்பதுதான் தெரியவில்லை.

"இது அக்கிரமம். எந்தக் கணக்கில் யாருக்கு எதைக் காட்டுகிறார்கள் என்று இந்தக் கம்பெனிகள் ஊரறியச் சொல்லியாக வேண்டும்" என்று ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். கொள்கை அறிவிப்புகளை நான் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியிடுவது. யாரும் பாதியில் எழுந்து போக முடியாது.

சேலத்தில் கணினி அறிவியல் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "அப்பா, அல்காரிதம்னா அவங்க எழுதின கணக்கு மட்டும் இல்ல. நீங்க எதுல நின்னீங்க, எதைத் தள்ளிவிட்டீங்க, ராத்திரி ஒரு மணிக்கு எதைக் கடைசி வரைக்கும் பாத்தீங்க, எல்லாம் சேந்ததுதான் அது. வெளியிட்டா பாதி உங்க கணக்குதான் வெளிய வரும்."

மனைவி ரசக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "வெளியிடட்டுமே. நானும் பாக்கணும்."

வெளிப்படைத்தன்மையின்மேல் எனக்கிருந்த பற்று அந்த நிமிடம் சற்றே ஆட்டம் கண்டது. ஆனால் பொதுக்காரியம் என்று இறங்கிய பிறகு ரசத்துக்குப் பயந்து பின்வாங்க முடியுமா? மேலும் நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மகளைப் பிடித்து உட்காரவைத்து, வெளியே வந்திருக்கிற கணக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யூட்யூப் ஆரம்பத்தில் எத்தனை பேர் ஒரு காணொளியைத் தட்டினார்கள் என்பதையே பெரிதாக எண்ணிக்கொண்டிருந்தது. 2012-ல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியது. 2016-ல் அதன் பொறியாளர்களே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி அப்போது கணக்கு இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் மலைபோல் குவிந்த காணொளிகளிலிருந்து நமக்கென்று சில நூறு சலித்தெடுக்கப்பட்டன. பிறகு அந்தச் சில நூற்றில் எதை நாம் அதிக நேரம் பார்ப்போம் என்று கணித்து வரிசைப்படுத்தினார்கள். எனக்கு எது நல்லது, எது பிடிக்கும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எதன் முன்னால் நின்றுவிடுவேன் என்பதுதான் கேள்வி. நான் நின்றது உண்மை. ஒரு வெள்ளாடு இரட்டைக்குட்டி ஈனுகிற காணொளி அது. பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு ஜீவனைப் பாதியில் விட்டுவிட்டுப் போக நான் என்ன கல்நெஞ்சனா? அந்த இரக்கம்தான் எங்கோ ஓர் இயந்திரத்தில் ஆட்டுத்தொழில் ஆர்வமாகப் பதிவாகியிருக்கிறது.

ஃபேஸ்புக் 2017-ல் இன்னொரு கணக்குப் போட்டது. விருப்பக் குறிக்கு ஒரு புள்ளி என்றால், கோபமுகம் உட்பட மற்ற முகங்களுக்கு ஐந்து புள்ளி. ஐந்து பேர் அமைதியாகப் பாராட்டியதும் ஒருவர் பல்லைக் கடித்ததும் ஒரே எடை. அங்கே வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஹாகன் எடுத்துவந்த உள் ஆவணங்கள் வழியாக 2021-ல்தான் இது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள், 2020-லேயே, நிறுவனம் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் பட்ட கோபத்துக்கு யாரும் வட்டி தரவில்லை.

ட்விட்டர் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியைக் கிட்ஹப் தளத்தில் போட்டது. அங்கே எண்களே கிடைத்தன. ஒரு பதிவை நாம் விரும்பக்கூடிய வாய்ப்பை அப்போது 0.5-ஆல் பெருக்கினார்கள். மறுபகிர்வு என்றால் 1. பதில் எழுதுவோம் என்றால் 13.5. நாம் எழுதும் பதிலைப் பதிவரும் கண்டுகொள்வார் என்றால் 75. "இதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்குவதற்குக் கழித்தல் 74. புகார் செய்தால் கழித்தல் 369.

இந்த எண்களை எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். நான் சொல்வதற்குத் தலையாட்டினால் அரைப்புள்ளி. எதிர்த்துப் பேசினால் பதின்மூன்றரை. எதிர்ப்புக்கு நானும் வாய்கொடுத்துவிட்டால் எழுபத்தைந்து. அந்த வகையில் எங்கள் இல்லறம் உலகத்தரம்.

அந்த நிரலில் ஒரு வேடிக்கையும் அகப்பட்டது. எழுதுகிறவர் அமெரிக்காவின் இரு கட்சிகளில் எதைச் சேர்ந்தவர் என்று குறிக்கும் வரிகள் இருந்தன. பக்கத்திலேயே, எழுதுகிறவர் நிறுவனத்தின் உரிமையாளர்தானா என்று பார்க்கும் வரியும் இருந்தது. சும்மா புள்ளிவிவரத்துக்குத்தான் என்றார்கள். உலகம் சிரித்ததும் எடுத்துவிட்டார்கள். திறந்து வைத்ததில் கண்ட கைமேல் பலன் அது. ஆனால் இயந்திரத்துக்கு எந்தத் தரவுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள் என்பதை மட்டும் வெளியிடவில்லை. கூட்டும் முறை கிடைத்தது, கூட்டிய தொகைகள் கிடைக்கவில்லை. ரசீது இல்லாத பட்டியல்களைத் திருப்பி அனுப்பியே தலைமுடியை இழந்தவன் நான். இதை எப்படி ஒப்புக்கொள்வேன்?

எங்கள் வீட்டுக்கு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் அவ்வப்போது வருவார். சாமை, கடுக்காய், தேன் கொண்டுவருவார். அவருடைய ஊரில் டவர் எடுக்காது. பேருந்து கரியாலூர் வளைவுகளில் இறங்கி, கோமுகி அணையைக் கடந்து கச்சிராயப்பாளையத்தை நெருங்கும்போதுதான் அவர் சட்டைப்பை உயிர்பெற்று விடாமல் கூவ ஆரம்பிக்கும். அந்தக் கைபேசி அவருக்கு என்ன காட்டுகிறது என்று வாங்கிப் பார்த்தேன். சென்னைப் புறநகரில் மூன்று படுக்கையறை அடுக்குமாடி வீடு, நீச்சல்குளத்துடன்.

"என்னண்ணே இது? கொட்டகை நிறைய ஆடு வச்சிருக்கிற உங்களுக்கு அடுக்குமாடி காட்டுது. சொந்தமா ஒரு கோழிகூட இல்லாத எனக்கு ஆடு காட்டுது."

அவர் என் கைபேசியை வாங்கி, என் போயர் கிடாவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சார், இது மலை ஏறாது சார். இத நாமதான் தூக்கிக்கிட்டு ஏறணும்."

பிறகு, "யாரு சார் இதையெல்லாம் அனுப்புறது?" என்று கேட்டார். மகளிடம் கற்ற மொத்த வித்தையையும் அவர்மேல் இறக்கினேன். சலிப்பது, கணிப்பது, பெருக்குவது, வரிசைப்படுத்துவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏன்னு கேட்டா சொல்லுவாங்களா சார்?"

"சொல்ல மாட்டாங்க."

"அப்ப ஜாகீர்தார்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தேனுக்குக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய கல்வராயன் மலையில், ஜாகீர்தார்கள் வரி வாங்கிய ஜாகீர் முறை 1976-ல்தான் ஒழிந்தது. கேள்வி கேட்க முடியாத வரியைப் பற்றி அந்த மலைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் அரைமணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வார்த்தையில் கோப்பில் கட்டிவிட்டார்.

என்னைப் பற்றிய அபிப்பிராயத்தோடு கைபேசி நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எங்கள் ஊரான கள்ளக்குறிச்சியைப் பற்றியும் அதற்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர் இது. எங்கள் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருக்கோவிலூரில் காலைத் தூக்கி உலகளந்த பெருமாள் நிற்கிறார். ஆனால் கள்ளக்குறிச்சி என்று தட்டினால் என் கைபேசி முதலில் கொண்டுவருவது இரண்டே செய்திகளை. ஒன்று 2022 கனியாமூர். மற்றது 2024 ஜூன் கருணாபுரம். இரண்டும் பொய்யில்லை. கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் தெருக்கள் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

கனியாமூரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே ஒரு தனியார் பள்ளி விடுதியில் ஒரு மாணவி இறந்தாள். சில நாள் போராட்டம் நடந்தது. ஜூலை 17 அன்று அது கலவரமாகிப் பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகக் கூட்டம் திரட்டப்பட்டதைப் போலீசார் விசாரித்தார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அல்காரிதம் கிடையாது. அங்கே அனுப்புகிறவர் நம் சித்தப்பாதான். ஆனால் அந்த வாரம் நான் ஒரு காணொளியில் நின்றேன். பெண்ணைப் பெற்றவன் எவன் நிற்கமாட்டான்? அடுத்ததாக ஒன்று வந்தது, அதைவிடச் சூடாக. பிறகு இன்னொன்று. முகம் தெரியாத யார் யாரோ உடற்கூறாய்வு நிபுணர்களாகவும் துப்பறிவாளர்களாகவும் நீதிபதிகளாகவும் பேசினார்கள். ஊடகங்களில் இணை விசாரணை நடத்துவதை உயர் நீதிமன்றமே கண்டிக்க வேண்டிவந்தது. நானும் அந்த வாரம் எதிர்வீட்டுக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டித் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எதில் நின்றேனோ அதை வைத்து எனக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டதுதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் ஒருவர் இந்தியர் ஒருவர் பெயரில் சோதனைக் கணக்கு தொடங்கி, தளம் பரிந்துரைத்த பக்கங்களையும் குழுக்களையும் மட்டும் மூன்று வாரம் பின்தொடர்ந்தார். அந்தக் கணக்கு வெறுப்பிலும் பொய்யிலும் பிணங்களின் படங்களிலும் மூழ்கியது. வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைவிட அதிக சடலங்களை அந்த மூன்று வாரத்தில் பார்த்துவிட்டதாக அவர் அறிக்கை எழுதினார். இதுவும் ஹாகன் ஆவணங்களில்தான் வெளியே வந்தது. தன் கணக்கு என்ன செய்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. கணக்குக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைகள் தங்கள் தளத்தில் பொருட்களை எந்தக் காரணிகளை வைத்து வரிசைப்படுத்துகின்றன, எந்தக் காரணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை எளிய மொழியில் வெளியிட வேண்டும். ஆக, மலைத்தேன் என்று தேடினால் எந்தத் தேன் ஏன் முதலில் வருகிறது என்று சொல்லியாக வேண்டும். அதே கைபேசியில், அந்தத் தேனை ஊமத்தை வேரோடு குழைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப்போகும் என்று ஒருவர் அடித்துப் பேசும் காணொளி ஏன் முதலில் வருகிறது என்று கேட்டால், அதற்கு அப்படி விதி இல்லை. பொருளுக்கு உண்டு, புளுகுக்கு இல்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகங்களிடம் குறைதீர் அலுவலர், மாதாந்திர அறிக்கை எல்லாம் கேட்கின்றன. வரிசைக் கணக்கைக் கேட்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2005-லிருந்து அது என் கழுத்தில்தான் கத்தி வைத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பத்து ரூபாய் கட்டி யார் கேட்டாலும் முப்பது நாளில் பதில் போக வேண்டும். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நான் ஒரு பழைய நாற்காலியை ஏலம் விட்டதற்குக்கூட விளக்கம் எழுதியிருக்கிறேன். கோடிக்கணக்கானவர்களின் காலையை ஏலம் விடுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது பொது அதிகார அமைப்புகளுக்கு மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், அங்கே 4.5 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் பெருந்தளங்கள் 2023 ஆகஸ்டிலிருந்து பரிந்துரையின் முக்கியக் காரணிகளை விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். ஆளை அளந்து தராத ஒரு வரிசையையும் தேர்ந்தெடுக்க வழி வைக்க வேண்டும். சீனாவும் 2022 மார்ச் 1 முதல் இப்படி அணைக்கும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு உலகங்கள் ஒரு பொத்தான் விஷயத்தில் ஒத்துப்போகின்றன. நம் வீட்டில் ரிமோட்டுக்குக்கூட இந்த ஒற்றுமை கிடையாது.

நிறுவனங்களின் பதில் என்ன? ஒன்று, அது வணிக ரகசியம். இரண்டு, வெளியிட்டால் ஏமாற்றுக்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் என் சித்தப்பா மகன் ஒருவன் காணொளிச் சேனல் நடத்துகிறான். மேகம் அருவிக்குப் போனால் அருவியைக் காட்டமாட்டான். கன்னத்தில் கைவைத்து வாயைப் பிளந்து நிற்கும் தன் முகத்தையும் ஒரு சிவப்பு அம்புக்குறியையும் காட்டுவான். "கடைசி வரைக்கும் பாருங்க நண்பர்களே, ஒரு அதிர்ச்சி இருக்கு" என்பான். அதிர்ச்சி என்னவென்றால், வழியில் பைக் பஞ்சர். இந்த உத்தியை அவனுக்கு எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லை. தட்டித் தடவி அவனே கண்டுபிடித்துவிட்டான். ஏமாற்ற நினைப்பவர்களுக்குக் கணக்கு ஏற்கெனவே பாதி தெரியும். முழுசாகத் தெரியாமல் இருப்பது என்னைப் போல் வாயைப் பிளந்து பார்க்கிறவனுக்குத்தான்.

ஆகவே முறைப்படி ஒரு மனு தயாரித்தேன். "பொருள்: பரிந்துரை வரிசை – விளக்கம் கோருதல் – தொடர்பாக" என்று ஆரம்பித்து மூன்றே கோரிக்கை. நிரலைப் பேருந்து நிலையத்தில் ஒட்ட வேண்டாம், ஒட்டினாலும் எனக்குப் புரியாது. ஒன்று, ஒவ்வொரு பரிந்துரைக்குக் கீழேயும் "இது ஏன் உங்களுக்கு" என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். "நேற்று ஆடு குட்டி போட்டதை முழுதாகப் பார்த்தீர்கள்" என்று சொன்னால் போதும், ஒரு நமுட்டுச் சிரிப்போடு நானே கடந்து போய்விடுவேன். இரண்டு, என்னை எடைபோடாமல் வந்த வரிசைப்படி காட்டுகிற பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மூன்று, ஐரோப்பாவில் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட வழி செய்ததுபோல, தணிக்கை செய்யத் தெரிந்தவர்கள் இங்கேயும் உள்ளே போய்ப் பார்க்க அனுமதியுங்கள். தணிக்கைக்காரர் வருகிறார் என்றாலே கணக்கு பாதி சரியாகிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன். பெறுநர் முகவரியை மட்டும் இன்னும் காலியாக விட்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் மனுவை உரக்கப் படித்தேன். மனைவி முழுவதையும் கேட்டாள். நடுவில் எழுந்து போகவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது.

"ரொம்ப நியாயமாத்தான் கேட்டிருக்கீங்க" என்றாள். "அப்படியே நம்ம வீட்லயும் ஆரம்பிச்சிடுங்க. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு. ஊர்ல நாலு திசையும் ரோடு இருக்கு. நீங்க மட்டும் தினமும் சாயங்காலம் கச்சிராயப்பாளையம் ரோட்டுப் பக்கமே ஏன் போறீங்க? முக்கியமான காரணம் என்ன, எதுக்கு எவ்வளவு முக்கியத்துவம்னு எளிமையான தமிழ்ல ஒரு வரி சொல்லுங்க பாக்கலாம்."

அந்தச் சாலையில் ஆறு மணிக்கு வாணலி ஏறும் ஒரு பஜ்ஜிக்கடை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"அது வணிக ரகசியம்" என்றேன். "தவிர, வெளியிட்டால் தவறாகப் பயன்படுத்துவார்கள்."

மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே மதிப்பெண் போட்டாள்: "அம்மா புகார் பண்ணியாச்சு. கழித்தல் முன்னூற்று அறுபத்தொன்பது."